ஆரு ஊட்டுப் புள்ள கண்ணு?

காங்கயத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் சீருடையோடு ஒரு பிள்ளை ஏறி நின்றால், உட்கார்ந்திருக்கும் பெரியவர் முதலில் புத்தகப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அடுத்தது கேள்வி. "ஆரு ஊட்டுப் புள்ள கண்ணு?" பிறகு வரிசையாக வரும். எந்த ஊரு, எந்தத் தோட்டம், அய்யன் பேரென்ன, எத்தனாவது படிக்கற, கூடப் பொறந்தவிய எத்தனை பேரு. எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டுப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் அந்தச் செய்தி நமக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "பெரியவிய கேட்டா வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு?" என்று அம்மா வாசலிலேயே நிற்பார்.

எந்தக் கூட்டம், அதாவது சாதிக்குள் எந்தக் குலம் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்குப் பதில் சொல்ல மட்டும் என் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரவில்லை. அது வேறு கதை.

மற்றபடி நானும் அப்படி வளர்ந்தவன்தான். கேட்டால் சொல்லு, மரியாதையாகச் சொல்லு, முழுசாகச் சொல்லு. என் மகளுக்கும் மகனுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பதினாலு வருடமாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன், ஊர்ப் போன்களையெல்லாம் பிரித்துப் போட்டுப் பார்க்கிறவன், இந்தப் பழக்கம் போனுக்குள் போனால் என்னவாகும் என்று யோசிக்கவே இல்லை.

கடைக்கு வரும் பெற்றோர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்க, பையன் கண்ட கண்டதைப் பாக்கறானாட்ட இருக்குது. எதாச்சும் ஒரு லாக்கு போட்டுக் குடுத்துருங்க." போட்டுக் கொடுப்பேன், நூறு ரூபாய் வாங்கிக்கொள்வேன். அடுத்த வாரம் பையன் தனியாக வருவான், கையில் அதே போன், அந்த லாக்கை எடுக்க. அவனுக்கு எடுத்துக் கொடுக்க மாட்டேன். ஆனால் பாதிப் பேர் என்னிடம் வருவதே இல்லை. யூடியூப்பைப் பார்த்து அவர்களே எடுத்துவிடுகிறார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோதுதான் எங்கள் பக்கத்தில் போன்கள் பிள்ளைகள் கைக்கு மொத்தமாகப் போயின. அதுவரை திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேனில் போய்வருகிற அம்மாக்கள் பலரிடம் பட்டன் போன்தான். ஆன்லைன் கிளாஸ் என்றதும் சீட்டுப் பணத்தை எடுத்து, மூக்குத்தியை அடகு வைத்து, செகண்ட்ஸ் போன் தேடி வந்தார்கள். நான்தான் விற்றேன். வாங்கிய கையோடு "எல்லாம் ஏத்திக் குடுத்துருங்க தம்பி" என்பார்கள். ஜிமெயில் கணக்கு அப்பா பேரில், பிறந்த தேதியும் அப்பாவுடையது. சில சமயம் அதுகூடக் கேட்காமல் 1-1-1980 என்று நானே தட்டிவிட்டிருக்கிறேன். கூட்டம் நிற்கும்போது யார் கேட்டுக்கொண்டிருப்பது?

அதனுடைய அர்த்தம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் போனைப் பொறுத்தவரை அதைப் பிடித்திருக்கிற ஆறாவது படிக்கும் பிள்ளை நாற்பது வயது ஆள். சிறுவர்களுக்கென்று கம்பெனிகள் வைத்திருக்கும் காவல் ஒன்றுகூட அவனுக்கு வேலை செய்யாது. இன்ஸ்டாகிராமில் பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான டீன் அக்கவுண்ட் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், தொடர்பில் இல்லாத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது, பதினாறு வயதுக்குள் இருந்தால் அதைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். நாற்பது வயது என்று பதிந்து வைத்தவனுக்கு அது எப்படிக் கிடைக்கும்? கூகுளின் ஃபேமிலி லிங்க்கும் அப்படித்தான். பிள்ளை பேரில், பிள்ளை வயதில் கணக்குத் திறந்தால் எந்த ஆப் ஏற்றலாம், ராத்திரி எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் பெற்றவர் தன் போனிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இப்போது புதுப் போன் யார் வாங்கினாலும், யார் கைக்குப் போகிறது என்று கேட்டுத்தான் ஏற்றிக் கொடுக்கிறேன். பத்து நிமிஷம் அதிகம் ஆகும். சிலர் சலித்துக்கொள்வார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சோஷியல் மீடியாக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று வந்ததும், கடையில் ஒருவர், "இங்கயும் அப்பிடிப் போட்டுட்டா நெம்பத் தேவலைங்க" என்றார். நம் நாட்டில் 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமே, பதினெட்டு வயது ஆகாதவர் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் என்பது எங்கள் பக்கம் பல வீடுகளில் ஓடிபி. அதைப் படித்துச் சொல்வதே பிள்ளைதான். அப்பாவுக்குக் கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியாது.

சரி, ஊரைச் சொன்னது போதும். நான் செய்தது என்ன?

மகள் பள்ளி ஆண்டு விழாவில் கோலப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். மேடையிலிருந்து இறங்கியதும் கப்போடு நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். அங்கேயே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன், கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டேன். என் கடை நம்பரில் இரண்டாயிரத்துக்கு மேல் காண்டாக்ட் இருக்கிறது. டிஸ்ப்ளே மாற்ற வந்தவர், சிம் வாங்க வந்தவர், ஒரு தடவை சார்ஜர் கேட்டவர், எல்லோரும் அதில் உண்டு. படத்தில் மகளின் சீருடை தெரிந்தது. கழுத்தில் ஐடி கார்டு. பெரிதாக்கிப் பார்த்தால் பெயர், வகுப்பு, வீட்டு விலாசம், என் நம்பர், ஸ்கூல் பஸ் ரூட் வரைக்கும் வாசிக்கலாம். பஸ்ஸில் பெரியவர் பத்துக் கேள்வி கேட்டு வாங்கும் விவரத்தை, யாரும் கேட்காமலே ஊருக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில் ஒருவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "கோலத்துல பரிசு வாங்குன அம்முணிதான நீ?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் என் பழைய வாடிக்கையாளர், தங்கமான மனுஷர். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அப்பா, எனக்கு அவரு ஆருன்னே தெரியாது. அவருக்கு என்னோட பேரு, கிளாஸ் எல்லாந் தெரியுது." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கோபம் இல்லை, பயம் இருந்தது. படத்தை எடுத்துவிட்டேன். எடுப்பதற்குள் யார் யார் சேமித்துக்கொண்டார்கள் என்பதை எந்தச் சர்வீஸ்காரனாலும் சொல்ல முடியாது.

பஸ் கேள்விக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்குப் புலப்பட்டது. பஸ்ஸில் கேட்கிற பெரியவர் முகம் நமக்குத் தெரியும். நாம் அவரைத் திருப்பி, "நீங்க எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். சுற்றி இருபது பேர் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தப்பாக ஒரு வார்த்தை கேட்டால் கண்டக்டரே இறக்கிவிட்டுவிடுவார். கேட்பவரும் அந்த வேலிக்கு உள்ளே இருக்கிறவர். போனில் கேட்பவன் வேலிக்கு வெளியே நிற்கிறான், அவன் முகம் கிடையாது, அவன் ஊர் கிடையாது. நம் பிள்ளை மட்டும் அதே பழைய மரியாதையோடு, 'ங்க' போட்டு, தோட்டத்துப் பேர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதற்கு அடுத்த வருடம் ஒரு மத்தியானம், வெயில் நேரத்தில் ஒரு பையன் கடைக்கு வந்தான். ஒன்பதோ பத்தோ படிப்பவன். அவன் யார் என்று தெரிய வேண்டாம், அதனால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நின்றான், டெம்பர் கிளாஸ் விலை கேட்டான், மறுபடியும் நின்றான். வேறு ஆள் எல்லாம் போனதும் கேட்டான்: "அண்ணா, ஒரு ஆப்பை அழிச்சுட்டா, அவங்ககிட்டப் போன நம்ம போட்டோவும் அழிஞ்சுருமாண்ணா?"

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

பெண் பேரில் ஒரு கணக்கு. பத்து நாள் பழக்கம். முதலில் எந்த ஊர், எந்த ஸ்கூல் என்று விசாரிப்பு. பிறகு "இங்க வேண்டாம், வேற ஆப்புக்கு வா". பிறகு அனுப்பக் கூடாத ஒரு படத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அடுத்த நிமிஷமே பேச்சு மாறிவிட்டது. அவனுடைய நண்பர்கள் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, ஐயாயிரம் போடு, இல்லையென்றால் இத்தனை பேருக்கும் போகும் என்று. டியூஷன் பணம் ஆயிரத்து ஐநூறை அனுப்பிவிட்டான். அவர்கள் நிறுத்தவில்லை. நிறுத்த மாட்டார்கள், கொடுக்கிறவன் என்று தெரிந்துவிட்டதல்லவா.

அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை, காட்டு என்றும் கேட்கவில்லை. பதினெட்டு ஆகாத பிள்ளையின் அப்படிப்பட்ட படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆதாரம் என்று நினைத்து யாருக்காவது ஃபார்வர்டு செய்துவிட்டால், உதவி செய்கிறவனே மாட்டிக்கொள்வான். "எதையும் அழிக்காதே, பணம் இனி ஒரு ரூபாய்கூடப் போடாதே, பதிலும் போடாதே" என்றேன். மிரட்டல் மெசேஜ்கள், அந்தக் கணக்கின் பேர், பணம் போன யுபிஐ விவரம் இவற்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு பிளாக். பணம் போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது, பணம் கைமாறிப் போவதற்குள் பேங்கில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. புகாரை சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியலாம், பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதற்குத் தனிப் பகுதியே உண்டு. பிள்ளை நேரடியாகப் பேச வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச ஏற்பாடு இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண்ணை மட்டும் எடுத்து, அதில் சேர்ந்திருக்கும் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள், அந்தப் படம் அவர்கள் தளத்தில் ஏறினால் பிடித்துக்கொள்ளும். வாட்ஸ்அப் மாதிரிப் பூட்டிய அரட்டைக்குள் அது எட்டாது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அவன் ஒன்றையும் கேட்கவில்லை. அவன் பயம் வேறு இடத்தில் இருந்தது. "எங்கய்யனுக்குத் தெரிஞ்சுதுன்னா போனை வாங்கி அடுப்புல போட்டுருவாருண்ணா. ஸ்கூலுக்கும் தாட்ட மாட்டாரு."

எங்கேயோ இருந்துகொண்டு மிரட்டுகிறவனைவிட, வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு அவன் அதிகம் பயந்தான். மிரட்டுகிறவனுக்கும் அது தெரியும். அவனுடைய தொழில் ஓடுவதே அந்தப் பயத்தில்தான்.

நான் சும்மா இருந்துவிடவும் முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012இல் வந்தது, ஆண் பிள்ளைக்கும் பொருந்தும். இப்படி ஒன்று நடந்திருப்பது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது அதன்படி தண்டனைக்குரியது. அவன் தாய்மாமன் எனக்குப் பழக்கம். அவரை வரவழைத்தேன். மூன்று பேரும் வீட்டுக்குப் போனோம். அய்யன் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். மாமன் சொல்லி முடிக்கும் வரை அவர் கை தட்டுக்கட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றது. முடிந்ததும் பையனைப் பார்க்காமல், "மத்தியானம் சோறு உண்டானா?" என்று கேட்டார். அடுத்த நாள் காலையில் அவரே கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தார். வேறு வேறு நம்பரில் மிரட்டல் இரண்டு நாள் வந்தது, யாரும் பதில் போடவில்லை, அப்புறம் நின்றுவிட்டது. ஆயிரத்து ஐநூறு திரும்பவில்லை. பையன் மூன்று நாள் சுமந்திருக்கிறான். நல்லவேளை, மூன்று நாளோடு போனது.

இதை வீட்டில் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? மகன் சின்னவன். எல்லாவற்றையும் சொல்ல முடியாது. "படம் அனுப்பாதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் முடியாது. இப்போது ஒரு சாதாரண முகப் படம் கிடைத்தாலே போதும், மீதியை மெஷின் வரைந்துவிடுகிறது. ஒரு தப்பும் செய்யாத பிள்ளைக்கும் இது நடக்கலாம்.

எனக்குக் கை கொடுத்தது அப்பாரு, என் தாத்தா. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரோடு மாட்டுச் சந்தை கூடும். காங்கயம் காளைகளும் மாடுகளும் வெட்டவெளியில் நின்றுகொண்டிருக்கும். சின்ன வயதில் அப்பாரு என்னைக் கூட்டிப் போவார். விலை பேசும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கை மேலும் போடுவார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை ஓடும். சுற்றி நிற்கும் ஐம்பது பேருக்கும் ஒன்றும் விளங்காது. தலை மட்டும் ஆடும். "துண்டுக்கடியில ஏமாந்தவனுக்குச் சாட்சி கெடையாது பையா" என்று அப்பாரு சொல்வார். தரகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் ஊரறிந்த ஆட்கள், நாளைக்கும் அதே சந்தைக்கு வர வேண்டியவர்கள். அவர்கள் துண்டு வேறு.

மகளையும் மகனையும் திண்ணையில் உட்கார வைத்து, குளியல் துண்டு ஒன்றை எடுத்து, சந்தையை நடித்தே காட்டினேன். "ஒருத்தரு உங்ககிட்டப் பேசறாங்க. பாட்டைப் பத்தி, கேமைப் பத்தி, கோலத்தைப் பத்தி, என்ன வேணா பேசட்டும். எப்ப 'இது நமக்குள்ள இருக்கட்டும்'னு சொல்றாங்களோ, 'உங்கம்மாகிட்டச் சொல்லாதே', 'இந்த மெசேஜை அழிச்சுரு', 'அந்த ஆப்புக்கு வா'ன்னு சொல்றாங்களோ, அப்பத் துண்டு போடறாங்கன்னு அர்த்தம். அந்த நிமிஷம் கையை வெளிய இழுத்துரோணும்." மகன் அந்தத் துண்டை என் தலையில் போட்டுவிட்டு ஓடினான். ஆனால் வார்த்தை வீட்டில் ஒட்டிக்கொண்டது. காய்கறிக்காரர் தள்ளுபடி என்று கிசுகிசுத்தால்கூட இப்போது எங்கள் வீட்டில் அது துண்டு போடுவதுதான்.

அடுத்த பேச்சு வீட்டுக்காரியோடு. அவர் கம்பெனியில் செக்கிங்கில் சூப்பர்வைசர், பீஸில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் வேலை, என் திட்டத்திலும் கண்டுபிடித்தார். "எது நடந்தாலும் வந்து சொன்னாப் போனைப் புடுங்க மாட்டோம்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். "அப்பொறம் கண்டிப்புன்னு ஒண்ணு எதுக்கு?" என்றார். ஒரு வாரம் ஓடியது இந்த வழக்கு. கடைசியில் ஒரு மாதிரி ஒத்துவந்தோம். ஒன்பதரைக்குப் போன் ஹாலில் டிவி ஸ்டாண்டு மேலே சார்ஜுக்குப் போய்விட வேண்டும், எங்களுடையதும்தான். படிக்காமல் இருந்தால் போன் போகும், பொய் சொன்னால் போகும். பயந்து வந்து சொன்ன ஒரு விஷயத்துக்காக மட்டும் போகாது.

வாக்கைச் சோதிக்க மகனுக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேமில் துப்பாக்கிக்கு ஏதோ சட்டை மாட்டுவார்களாம், ஸ்கின் என்று பெயர். அதைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்ற ஒரு 'ப்ரோ'வுக்கு என் போனிலிருந்து தொள்ளாயிரம் ரூபாய் போட்டிருக்கிறான். மளிகைக் கடையில் நான் யுபிஐ பின் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து வைத்திருக்கிறான். "பணம் வரும், பின் போடு" என்றானாம் ப்ரோ. பணம் வாங்குவதற்குப் பின் போடவே வேண்டாம், போட்டால் போகத்தான் செய்யும் என்பதை ஊருக்கெல்லாம் கடையில் சொல்கிறவன் நான். வீட்டில் சொல்லவில்லை. மகன் அழுதுகொண்டே வந்து சொன்னபோது எனக்கு வாய் வரை வந்துவிட்டது. மகள் கதவுப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் கத்தியிருந்தால் அவளும் இனி எதையும் சொல்லியிருக்க மாட்டாள். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பின்னை மாற்றினேன், 1930க்குக் கூப்பிட்டேன்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை. பொழுதோட, நான் வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய ரேடியோவை நோண்டிக்கொண்டிருந்தேன். மகள் உள்ளேயிருந்து கத்தினாள்: "அப்பா, இங்க ஒரு அக்கா துண்டு போடறாங்க!"

போய்ப் பார்த்தேன். கோலம் போடுகிறவர்கள் சேர்ந்திருக்கும் ஒரு குரூப். அதில் காலேஜ் படிப்பதாகச் சொல்லும் ஒருவர் இவளைத் தனியாகப் பிடித்து, கோலம் பிரமாதம், எந்த ஸ்கூல், வீடு எங்கே, ஒரு போட்டி இருக்கிறது, வேறு ஆப்பில் பேசலாம், சர்ப்ரைஸாக இருக்கட்டும், வீட்டில் சொல்லாதே என்று எழுதியிருந்தார். நிஜமாகவே காலேஜ் அக்காவாகவும் இருக்கலாம், யார் கண்டது. மகள் ஸ்கூல் பேரைச் சொல்லவில்லை, வீட்டையும் சொல்லவில்லை. திருப்பி ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்.

"நீங்க ஆரு ஊட்டுப் புள்ளைங்க?"

மூன்று புள்ளி கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. அப்புறம் நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்ன அங்க துண்டு துண்டுன்னு?" என்று அப்பத்தா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "கொடியில காயுது, எடுத்துக்குங்க."